பால்மா எங்கே போனது?

பயிற்சிக்கு வந்திருக்கிற பிள்ளை ஒருத்தி போன கிழமை மத்தியானம் என் மேசைக்கு வந்தாள். "அண்ணா, அணியில இருந்து ஒரு சாமானை எடுக்கிறது எப்பிடி? ரிமூவ் எண்டு அடிச்சுப் பார்த்தன். அப்பிடி ஒண்டு இல்லையாம்."

இணையப் பக்கங்களை இயக்குகிற ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழியை எழுதத் தொடங்கிய எல்லாரும் ஒரு நாள் கேட்கிற கேள்விதான். அணி என்றால் சாமான்களை இலக்கம் போட்டு வரிசையாக வைக்கிற பட்டியல். சேர்ப்பதற்குப் 'புஷ்' இருக்கிறது. பெயரைப் பார்த்தவுடனே விளங்கும். எடுப்பதற்கு மட்டும் நேரான பெயரில் ஒன்றும் இல்லை. "ஸ்ப்ளைஸ்" என்று ஒரே சொல்லில் பதில் சொல்லி அவளை அனுப்பியிருக்கலாம். பக்கத்து மேசைச் சிங்களப் பெடியன் தலையைத் தூக்காமலே அதைத்தான் சொன்னான். ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்கு 2020ஆம் ஆண்டின் ஒரு பால்மா பக்கற் ஞாபகத்துக்கு வந்துவிடும். கதிரையை இழுத்துப்போட்டு இருக்கச் சொன்னேன். தேத்தண்ணி ஆறிப்போனது.

அந்த வருடம் மார்ச் 20ஆம் திகதி கொரோனாவுக்காக இலங்கை முழுக்க ஊரடங்கு போட்டார்கள். ஒரு கிழமை கழிந்திருக்கும், வெள்ளவத்தையில் நாங்கள் வழமையாகச் சாமான் வாங்குகிற பலசரக்குக் கடை முதலாளி ரெலிபோன் எடுத்தார். ஓட்டோவுக்குப் பாஸ் எடுத்தாயிற்று, வீடுகளுக்குச் சாமான் கொண்டுபோய்க் கொடுக்கலாம், ஆனால் ரெலிபோனில் ஓடர் எழுதி மாளவில்லை என்றார். "தம்பி, நீ கொம்பியூட்டர்தானே செய்யிறனி. ஓடர் எடுக்கிற மாதிரி ஒரு பக்கம் செய்து தா." இரண்டு இரவில் செய்து கொடுத்தேன். முன்பக்கம் ஜாவாஸ்கிரிப்ட், பின்னால் ஓடரை வாங்கி வைக்கிற சர்வரில் பிஎச்பி என்ற இன்னொரு மொழி. காசு வாங்கவில்லை, ஓட்டோவில் இரண்டு கிலோ சம்பா அரிசி வந்தது. இரண்டு இரவில் செய்தது என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கீழே வருகிற கூத்தெல்லாம் அதனால் வந்ததுதான்.

வாடிக்கையாளரின் கூடை ஒரு அணி. அரிசி, பருப்பு, சீனி, தேயிலை, பால்மா என்று ஐந்து சாமான். எண்ணுவது 0இலிருந்து; ஆகவே அரிசி 0, பருப்பு 1, பால்மா 4. (மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம், தெரியுமா? 'கூடை' என்று எழுதினால் பிரவுசர் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஏற்றுக்கொள்ளும். கந்தோரில் செய்தால்தான் ஏச்சு விழும்.) ஒவ்வொரு சாமானுக்கும் பக்கத்தில் 'வேண்டாம்' என்று ஒரு பட்டன். அதை அமத்தினால் சாமான் கூடையிலிருந்து போகவேண்டும். அவ்வளவுதான் கேட்டது.

முதல் இரவு நான் போட்டது 'டிலீட்'. பெயரே அழி என்றுதானே சொல்கிறது. டிலீட் கூடை[1] என்று எழுதினால் பருப்பு போகும், உண்மைதான். பருப்பு இருந்த இடம் போகாது. கூடையின் நீளம் இன்னும் 5 என்றே இருக்கும். 0இல் அரிசி, 2இல் சீனி, நடுவில் ஓட்டை. ஜாவாஸ்கிரிப்டில் அணி என்பது அடியில் ஒரு ஒப்ஜெக்ட்தான் (பெயர் ஒட்டிய பெறுமதிகளின் தொகுப்பு); 0, 1, 2 எல்லாம் அதில் ஒட்டிய பெயர்ச்சீட்டுகள். டிலீட் ஒரு சீட்டைக் கிழித்துவிட்டுப் போய்விடும். மற்றச் சீட்டுகளைத் திருத்தி எழுதுவது அதன் வேலை இல்லை, நீளத்தையும் அது தொடாது.

இதை அந்தப் பிள்ளைக்கு விளங்கப்படுத்த 2022ஆம் ஆண்டின் சமையல் காஸ் தட்டுப்பாட்டு வரிசைதான் கைகொடுத்தது. கொழும்பில் அந்த வருடம் இருந்த எவருக்கும் மறக்காது: வீதியோரத்தில் ஆட்களுக்குப் பதிலாக வெறும் சிலிண்டர்கள் வரிசையில் நிற்கும், சொந்தக்காரர்கள் நிழலிலோ வீட்டிலோ இருப்பார்கள். நடுவில் ஒருவர் பொறுக்கமாட்டாமல் தன் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு போகிறார். பின்னால் நிற்கிறவை எல்லாவற்றையும் ஓரடி முன்னுக்கு நகர்த்தினால் அது ஸ்ப்ளைஸ். எவரும் நகர்த்தாமல் அந்த இடம் சும்மா கிடந்தால் அது டிலீட். லொறி வந்து இறங்குகிறவர் தூரத்தில் நின்று வரிசையின் நீளத்தைப் பார்த்து எண்ணினால் ஒரு ஆள் கூடுதலாக வரும். கிட்டப் போய் ஒவ்வொரு சிலிண்டராகத் தொட்டு எண்ணினால் சரியாக வரும்.

ஜாவாஸ்கிரிப்டும் இப்படித்தான், ஆளுக்கொரு விதமாக எண்ணும். 0இலிருந்து நீளம் வரை போகிற சாதாரண 'ஃபோர்' லூப் (ஒவ்வொன்றாகப் பார்த்துப் போகிற சுற்று) ஓட்டைக்குள்ளும் காலை வைத்து 'அன்டிஃபைன்ட்', அதாவது பெறுமதி இல்லை என்று சொல்லும். 'ஃபோர்ஈச்' ஓட்டையைத் தாண்டிப் போய்விடும், அங்கே ஒன்று இருந்ததாகவே காட்டாது. எல்லாவற்றையும் ஒரே வரியாகக் கோர்க்கிற 'ஜொயின்' செய்தால் இரண்டு காற்புள்ளி ஒட்டிக்கொண்டு வரும். ஜேசன் என்ற எழுத்து வடிவத்துக்கு மாற்றிச் சர்வருக்கு அனுப்பினால்தான் பெரிய பகிடி: ஓட்டை 'நல்' (ஒன்றும் இல்லை) என்ற பெறுமதியாக மாறிப் போய்ச் சேரும்.

போய்ச் சேர்ந்தது. கடைக் கொம்பியூட்டரில் ஓடர் இப்படி விழுந்தது: அரிசி, நல், சீனி, தேயிலை, பால்மா. 'நல்' ஆங்கில எழுத்தில். சாமான் கட்டுகிற பெடியன் அதை எழுத்துக் கூட்டி வாசித்தான். கொஞ்சம் யோசித்தான். பிறகு ஒரு போத்தல் நல்லெண்ணெய் எடுத்துப் போட்டான். அன்றைக்குப் பின்னேரத்துக்குள் வெள்ளவத்தையில் நாலு வீட்டுக்குக் கேட்காத நல்லெண்ணெய் போயிருந்தது. ஒரு வீட்டிலிருந்துகூட முறைப்பாடு வரவில்லை, ஊரடங்கு நேரத்தில் நல்லெண்ணெய் கிடைத்தால் யார் குறை சொல்லப்போகிறார்கள்? இருப்புக் கணக்குப் பார்த்தபோதுதான் முதலாளி கண்டுபிடித்தார். பெடியனைக் கேட்டதற்கு, "சுருக்கி எழுதியிருக்கினமாக்கும் எண்டு நினைச்சன்" என்றானாம். எனக்கு அவனில் கோபமே வரவில்லை. அந்த முழுச் சங்கிலியில் பொறுப்பாக யோசித்து வேலை செய்தது அவன் ஒருவன்தான்.

சரி, டிலீட்டைத் தூக்கிவிட்டு ஸ்ப்ளைஸ் போட்டேன்.

இந்தச் சொல்லைப் பற்றிக் கொஞ்சம். பிரெண்டன் ஐக் 1995 மே மாதத்தில் நெட்ஸ்கேப் என்ற பிரவுசர் கம்பனியில் இருந்துகொண்டு 10 நாளில் இந்த மொழியின் முதல் வடிவத்தைச் செய்தார் என்பது எல்லாருக்கும் தெரிந்த கதை. அந்த 10 நாளில் ஸ்ப்ளைஸ் இல்லை. புஷ், பொப், ஷிஃப்ட், அன்ஷிஃப்ட், ஸ்ப்ளைஸ் ஐந்தும் 1997இல் நெட்ஸ்கேப் 4உடன் வந்தவை, பெயர்கள் பேர்ல் மொழியிலிருந்து எடுத்தவை. 1999 டிசம்பரில் வந்த, இந்த மொழியின் மூன்றாம் பதிப்புத் தரநிலையில் ஏறிக்கொண்டன. ஆங்கிலத்தில் ஸ்ப்ளைஸ் என்றால் இரண்டு கயிற்று முனைகளைப் பிரித்து முறுக்கி ஒன்றாக்குவது, கப்பல்காரர் வேலை. நடுத்துண்டை வெட்டி எடுத்துவிட்டு மிச்சத்தை ஒட்டுப்போடுவது என்று நினைத்தால் பெயர் பொருந்தத்தான் செய்கிறது. ஆனாலும் எடுக்கிற வேலைக்குச் சேர்க்கிற பெயரை வைத்தவர்களை நான் இன்னும் மன்னிக்கவில்லை. பக்கத்திலேயே 'ஸ்லைஸ்' என்று இன்னொன்று, ஆங்கிலத்தில் ஒரே ஒரு எழுத்து வித்தியாசம். ஸ்லைஸ் அணியைத் தொடாமல் ஒரு துண்டைப் பிரதி எடுத்துத் தரும். ஸ்ப்ளைஸ் அணியையே வெட்டிவிட்டு, வெட்டிய துண்டைக் கையில் தரும். இந்தக் கடைசி விஷயத்தில் புதுப்பிள்ளைகள் எல்லாரும் ஒருமுறை விழுவார்கள்: கூடை = கூடை.ஸ்ப்ளைஸ்(1, 1) என்று எழுதிவிட்டு, கூடையில் பருப்பு மட்டும் மிஞ்சியிருப்பதைப் பார்த்து முழிப்பார்கள். வேண்டாம் என்றதுதான் மிஞ்சும், மற்றதெல்லாம் போய்விடும்.

நான் அந்தப் பிழை விடவில்லை. விட்டது வேறு.

கடற்கரைப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில் இருக்கிற ஒரு அன்ரி முதலாளிக்கு ரெலிபோனில் ஏசியிருக்கிறார். முதலாளி எனக்கு எடுத்து அதை அப்படியே இறக்கினார். "பருப்பு வேண்டாம் எண்டு எடுத்தவவாம். பருப்பு வரேல்லை, சரி. பால்மாவையும் காணேல்லை. வீட்டில பேரப்பிள்ளை நிக்குதாம். என்னடா தம்பி செய்து வச்சிருக்கிறாய்?"

எழுதியதைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். இரண்டே வரி. முதல் வரியில் 'இன்டெக்ஸ்ஒஃப்' பருப்பு எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று கேட்கும், 1 என்று வரும். இரண்டாவது வரியில் ஸ்ப்ளைஸ்(1, 1): ஒன்றாம் இடத்திலிருந்து ஒன்றை எடு. என் ரெலிபோனில் பருப்பை எடுத்துப் பார்த்தேன், பால்மா பத்திரமாக இருந்தது. அடுத்த நாள் இன்னொரு வீட்டில் சவர்க்காரம் போனது. அதற்கு அடுத்த நாள் ஒரு முட்டைப் பெட்டி. திரையில் ஒரு சிவப்பு எழுத்து இல்லை, பிழைச் செய்தி இல்லை. சாமான் மட்டும் இல்லை.

துப்புக் கண்டுபிடித்தது முதலாளி. அவரிடம் கொம்பியூட்டர் அறிவு கிடையாது, 30 வருடக் கடைக் கண் இருந்தது. மூன்றாம் நாள் இரவு சொன்னார்: "தம்பி, எல்லாருக்கும் கடைசிச் சாமான்தான் போகுது. நான் ஒரு வேலை செய்திருக்கிறன். ஓடர் போடேக்க கடைசியா ஒரு தீப்பெட்டி சேர்க்கச் சொல்லி எல்லாரிட்டயும் சொல்லிப்போட்டன். போறதெண்டா தீப்பெட்டி போகட்டும்."

கடைசி என்ற சொல் விழுந்ததும் எனக்குப் பொறி தட்டியது. பிரவுசரில் நெட்வொர்க்கை வேண்டுமென்றே மெதுவாக்குகிற வசதி இருக்கிறது. அதைப் போட்டுவிட்டுப் பருப்புக்குப் பக்கத்து 'வேண்டாம்' பட்டனை அமத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. சர்வரிலிருந்து பதில் வந்த பிறகுதான் திரையைத் திருத்தும்படி எழுதியிருந்தேன், பதில் வர மூன்று நாலு செக்கன் எடுத்தது. ஊரே வீட்டுக்குள் இருந்து இணையத்தில் தொங்கிக்கொண்டிருந்த காலத்தில் அந்த அன்ரிக்கு இன்னும் கூட எடுத்திருக்கும். பருப்பு இன்னும் திரையில் நின்றது. அமத்தியது படவில்லையாக்கும் என்று அவர் என்ன செய்திருப்பாரோ அதையே நானும் செய்தேன். இன்னொருமுறை அமத்தினேன். இரண்டு பதிலும் வந்து சேர, பருப்பும் போனது, பால்மாவும் போனது.

நடந்தது இதுதான். முதல் அமத்தலிலேயே பருப்பு கூடையை விட்டுப் போய்விட்டது, திரைதான் பின்னுக்கு நின்றது. இரண்டாவது அமத்தலில் இன்டெக்ஸ்ஒஃப் பருப்பைத் தேடுகிறது, இல்லை. இல்லை என்பதை அது -1 என்று சொல்லும். 0 என்று சொல்லமுடியாது, 0 என்றால் முதல் சாமான். ஆகவே -1 என்பது நியாயமான பதில். அந்த -1ஐ நான் அப்படியே ஸ்ப்ளைஸின் கையில் கொடுத்தேன். ஸ்ப்ளைஸுக்குக் கழித்தல் எண் கொடுத்தால் பின்னாலிருந்து எண்ணும். -1 என்றால் கடைசிச் சாமான். அதுவும் நியாயமான, உபயோகமான வசதிதான். இரண்டு நல்ல பிள்ளைகள் ஒன்று சேர்ந்து செய்த குழப்படி. தனித்தனியே பார்த்தால் ஒருவரிலும் பிழை இல்லை, நடுவில் நின்று கேட்டிருக்கவேண்டியவன் நான். 'கிடைத்ததா?' என்று ஒரு வரி போதும்: -1 ஆக இருந்தால் ஒன்றும் செய்யாதே.

பயிற்சிப் பிள்ளை இந்த இடத்தில் சிரித்துவிட்டாள். பிறகு தன் மேசைக்குப் போய்த் திரையைப் பார்த்துவிட்டு, சிரிக்காமல் திரும்பி வந்தாள். அவள் எழுதியிருந்ததும் அதே இரண்டு வரி.

அதே கிழமை இன்னொன்றும் நடந்தது. கடையில் முடிந்துபோன சாமான்களைப் பக்கத்திலிருந்து தூக்க ஒரு லூப் எழுதியிருந்தேன். முதலாளி மாஸ்க் முடிந்தது, சனிடைசர் முடிந்தது என்று குறித்துவிடுவார். லூப் 0இலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்து, முடிந்ததை ஸ்ப்ளைஸ் செய்துகொண்டு போகும். மாஸ்க் போனது, சனிடைசர் போகவில்லை. கடையில் இல்லாத சனிடைசருக்கு ஆட்கள் ஓடர் போட்டுக்கொண்டே இருந்தார்கள். மாஸ்க் 7இல், சனிடைசர் 8இல் என்று வைத்துக்கொள்வோம். லூப் 7இல் நிற்கும்போது மாஸ்கை எடுக்கிறோம், பின்னால் நின்றவை எல்லாம் ஓரடி முன்னுக்கு வருகின்றன, சனிடைசர் இப்போது 7இல். லூப்போ 7ஐ முடித்துவிட்டேன் என்று 8க்குப் போகிறது. சனிடைசரை அது பார்க்கவே இல்லை. முடிந்த சாமான்கள் தள்ளித் தள்ளி இருந்தால் எல்லாம் ஒழுங்காக நடக்கும், இரண்டு அடுத்தடுத்து வந்தால்தான் ஒன்று தப்பும். அதனால்தான் சோதித்துப் பார்த்தபோது அகப்படவில்லை. மருந்து, பின்னாலிருந்து முன்னுக்கு வருவது. 8ஐ எடுத்தால் நகர்கிறவை ஏற்கனவே பார்த்து முடித்தவை, இனிப் பார்க்கவேண்டிய 7 அசையாது.

இப்போதெல்லாம் நான் ஸ்ப்ளைஸை அவ்வளவாகத் தொடுவதில்லை, 'ஃபில்டர்' தான். 2009 டிசம்பரில் வந்த, தரநிலையின் ஐந்தாம் பதிப்பிலிருந்து இருக்கிறது. ஸ்ப்ளைஸ் அரிசியில் கல் பொறுக்குவது மாதிரி, ஃபில்டர் அரிதட்டு: முழுவதையும் போட்டு அரித்து, விழுந்ததைப் புதுப் பாத்திரத்தில் ஏந்திக்கொள்வது. இடமும் தேடவேண்டாம், -1உம் இல்லை, இல்லாத பருப்பை எடுக்கச் சொன்னால் ஒன்றும் நடக்காது. ஆனால் அரிதட்டிலும் இரண்டு சங்கடம் உண்டு. நிபந்தனையில் எதை வைத்திருக்கவேண்டும் என்று எழுதவேண்டும், எதை எறியவேண்டும் என்று அல்ல; மாற்றி எழுதினால் கூடையில் கல் மட்டும் மிஞ்சும். மற்றது, பழைய பாத்திரம் அப்படியே இருக்கும். பக்கத்தின் மேல்மூலையில் கூடையில் எத்தனை சாமான் என்று காட்டுகிற சின்ன வட்டம் ஒன்று வைத்திருந்தேன். அது பழைய அணியையே பிடித்துக்கொண்டு 5, 5 என்று நின்றது. கூடையைக் காலியாக்குவதிலும் இதே தகராறுதான். நீளத்தை 0 ஆக்கினால் அந்த அணியைப் பிடித்திருக்கிற எல்லாருக்கும் அது காலி. கூடை = [] என்று போட்டால் உங்கள் கையில் மட்டும் புதுக் கூடை, மற்றவர்கள் பழையதைச் சுமந்துகொண்டிருப்பார்கள். 2023ஆம் ஆண்டுப் பதிப்பில் 'டூஸ்ப்ளைஸ்ட்' என்று ஒன்று வந்திருக்கிறது, பழைய அணியைத் தொடாமல் வெட்டி ஒட்டிய புதுப் பிரதியைத் தரும். நல்ல விஷயம். ஆனால் அதற்கும் -1 கொடுத்தால் கடைசிச் சாமானைத்தான் தூக்கும், கவனம்.

சர்வர் பக்கத்துக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிஎச்பியில் 'அன்செட்' போட்டு நடுச்சாமானை எடுத்தால் அங்கேயும் எண்கள் திருத்தப்படாது. 0, 2, 3 என்று நிற்கும். அதை ஜேசனாக்கினால், எண்கள் 0இலிருந்து வரிசையாக இல்லாதபடியால் பிஎச்பி அதை அணியாக அனுப்பாமல் ஒப்ஜெக்டாக அனுப்பும். முன்பக்கத்தில், ஒப்ஜெக்டுக்கு ஃபோர்ஈச் இல்லை என்று ஜாவாஸ்கிரிப்ட் படுத்துவிடும். கடைசிச் சாமானை எடுத்தவர்களுக்கு ஒரு பிரச்சினையும் வராது, நடுவில் எடுத்தவர்களுக்கு மட்டும் வெள்ளைத் திரை. 'அரே வால்யூஸ்' ஒன்றைப் போட்டு எண்களைப் புதுப்பித்தால் முடிந்தது. பிஎச்பியின் 'அரே ஃபில்டர்' கூடப் பழைய எண்களை அப்படியே விட்டுவிடும் என்பது எனக்குத் தெரியவர இன்னொரு வெள்ளைத் திரை தேவைப்பட்டது.

"அப்ப ஏன் அண்ணா நேரா ஒரு ரிமூவ் வைக்கேல்லை?" என்று அவள் விடவில்லை. நல்ல கேள்வி. எதை எடுப்பது, இடத்தைச் சொல்லியா, பெறுமதியைச் சொல்லியா? கூடையில் இரண்டு பருப்பு இருந்தால் முதலாவதா, இரண்டுமா? எடுத்ததைத் திருப்பித் தருவதா, மிஞ்சியதையா? ஆளுக்கொரு பதில் இருக்கிறது. பொறுமை இல்லாதவர்கள் எல்லா அணிகளுக்கும் பொதுவான மூலத்திலேயே தங்கள் சொந்த ரிமூவைச் சேர்த்தார்கள். அப்படிச் செய்தால் 'ஃபோர் இன்' லூப்பில் சாமான்களோடு சாமானாக ரிமூவும் எட்டிப்பார்க்கும். இந்தப் பழக்கத்தின் கடனை மொழி இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறது. அடுக்கடுக்கான அணியைத் தட்டையாக்கும் வசதிக்கு 'ஃப்ளாட்டன்' என்று பெயர் வைக்கப்போய், மூடூல்ஸ் என்ற பழைய நிரல் நூலகம் அதே பெயரில் தன்னுடையதை ஏற்கனவே சேர்த்திருந்ததால் பழைய தளங்கள் உடைந்தன. 2018இல் பெரிய சண்டை. பகிடியாக 'ஸ்மூஷ்' என்று வைக்கலாம் என்றுகூட ஒரு யோசனை வந்தது. கடைசியில் 'ஃப்ளாட்' என்று குறைத்துக்கொண்டார்கள்.

ஊரடங்கு தளர்ந்த பிறகு ஒருநாள் கடைக்குப் போனேன். முதலாளி கொப்பியில் கடன் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வரிக்கும் இலக்கம். ஒருவர் கடனைக் கட்டியதும் அந்த வரியின் மேல் ஒரு கோடு, இலக்கம் அப்படியே. 14க்குப் பிறகு கோடு, பிறகு 16.

"இலக்கத்தைத் திருத்தி எழுதமாட்டீங்களோ அண்ணை?"

"விசரே உனக்கு? 16ஐ 15 ஆக்கினா, நாளைக்கு ஆள் வந்து என்ர 16 எங்க எண்டு கேட்டா என்ன சொல்லுறது?"

நான் முதல் இரவு செய்த டிலீட்டைத்தான் அவர் 30 வருடமாகச் செய்துகொண்டிருக்கிறார், ஒரு நல்லெண்ணெய்ப் போத்தலும் பிழைத்துப் போகாமல். வெட்டிய வரி வெட்டிய வரியாகவே அவர் கண்ணில் படுகிறது, அதுதான் வித்தியாசம். வீட்டுக்கு வந்ததும் ஓடர் தரவுத்தளத்தில் எதையும் அழிக்காமல், வேண்டாம் என்றவற்றுக்கு ஒரு குறி மட்டும் போடுகிற மாதிரி மாற்றினேன். யார் பருப்பை எடுத்தார்கள், எத்தனை மணிக்கு, எத்தனைமுறை அமத்தினார்கள் எல்லாம் இப்போது தெரியும்.

-1 பிழையைத் திருத்தியது 2020 ஏப்ரலில். திருத்தியாயிற்று, இனிப் பயப்படவேண்டாம் என்று முதலாளி எல்லாரிடமும் சொன்னாராம். அந்த அன்ரியின் ஓடர் போன சனிக்கிழமையும் வந்தது, பார்த்தேன். அரிசி, மிளகாய்த்தூள், பால்மா, தீப்பெட்டி.